சும்மா இருந்த ஏழு வருடம்

கேள்வி மலாயில் வந்தது. பதிலும் மலாயில்தான் போனது: “டுடோக் ரூமா சாஜா.” தமிழில் கேட்டிருந்தால் “சும்மா வீட்லதான் இருந்தேன்” என்றிருப்பாள். ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டு வந்த அக்கா, அன்று மாலை வாசலில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. 2018 மார்ச்சில் வேலையை விட்டவள். அந்த ஏழு வருடத்தில் இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள். மாமனாரை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தாள். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் மூன்று வருடம் பொருளாளர். கோயில் திருவிழாக் கணக்கை ஒரு காசு பிசகாமல் முடித்துக் கொடுத்தவளும் அவள்தான். இத்தனைக்கும் சேர்த்து அவள் வைத்த பெயர் ‘சும்மா’.

மலேசியாவில் பேராக் மாநிலத்திலிருக்கும் எங்கள் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் இந்தச் ‘சும்மா’வைத் தெருவுக்கு நாலு வீட்டில் கேட்கலாம். கணக்கியல் டிப்ளோமா வாங்கியவர், தாதிப் பயிற்சி முடித்தவர், வங்கியில் இருந்தவர், சட்ட அலுவலகத்தில் இருந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு அலமாரிக்குள் இருக்கும். நாட்டில் வேலைச் சந்தையில் இருக்கும் ஆண்கள் நூற்றுக்கு 83 பேர் அளவில். பெண்கள் 56 பேர் அளவில். இந்த வித்தியாசத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் தன்னம்பிக்கையில் தொடங்கி, பெண்கள் துணிந்து வெளியே வரவேண்டும் என்பதில் முடிப்பார்கள். அக்காவுக்குத் துணிச்சலில் குறை ஒன்றும் இல்லை. டயாலிசிஸ் மையத்தில் கட்டில் கிடைக்கவில்லை என்றால் அவள் போடும் சத்தம் வெளியே கார் நிறுத்துமிடம் வரை கேட்கும்.

அவளை வீட்டில் உட்கார வைத்தது சுங்கை சிப்புட்டுக்கும் ஈப்போவுக்கும் நடுவே இருக்கும் சுமார் 30 கிலோமீட்டர். திரும்பிப் போக விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதும் பெரும்பகுதி அதுதான் என்பது என் கணிப்பு.

ஆயாக் கொட்டகை இருந்த காலம்

வரலாற்றுப் பாடத்தில் இந்த ஊர் 1948 ஜூன் 16ஆம் தேதிக்காக வரும். எல்பில், பின் சூன் தோட்டங்களில் மூன்று துரைமாரைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றதும் அவசரகாலம் தொடங்கியது. எங்கள் பாட்டி அந்தக் காலத்தைப் பற்றிப் பேசினால் துப்பாக்கி கொஞ்சமாகவும் ஆயாக் கொட்டகை அதிகமாகவும் வரும். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகிற வழியில் பிள்ளையைக் கொட்டகையில் விட்டுவிடுவார்கள். தூளி கட்டியிருக்கும், ஆயா ஒருவர் பார்த்துக்கொள்வார். ரப்பர் மரத்தில் பால் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துப் போட்டுவிட்டு மதியத்துக்குள் திரும்பி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயம் எனும் வரிசை வீட்டுக்கு வந்துவிடலாம். பெரிய பிள்ளைகளுக்குத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி கூப்பிடு தூரத்தில். பாட்டிக்கு ஐந்து பிள்ளைகள். ஒவ்வொன்றுக்கும் சில வாரம் வீட்டில் இருந்தாள், பிறகு மறுபடியும் கத்தியும் வாளியும். ‘வேலை இடைவெளி’ என்று ஒன்று அவள் வாழ்க்கையில் இருக்கவே இல்லை.

அதைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. கொட்டகையில் ஈ மொய்க்கும், கூலி நாள்கூலி, உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. ஆனால் வேலை, வீடு, பிள்ளை பார்க்கும் இடம், பள்ளிக்கூடம் நான்கும் ஒரே வேலிக்குள் இருந்தன. பிள்ளைக் காப்பகம் தோட்ட முதலாளியின் பொறுப்பு என்ற எண்ணம் சட்டத்திலும் நின்றது. தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் பற்றிய 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டத்தில்கூடத் தோட்டத்துக் காப்பகத்துக்கு இடம் உண்டு.

1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது அந்த வேலி உடைய ஆரம்பித்தது. இந்த ஊர்க்காரரான துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் போட்ட பணத்தில் தோட்டங்களை வாங்கியது அந்தத் துண்டாடலுக்குப் பதிலாகத்தான். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை கைகள் வேண்டாம்; இருந்த வேலைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். லயத்துச் சனம் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தது. பிள்ளைகள் படித்தார்கள். படித்த வேலை ஈப்போவிலும் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இருந்தது. ஆயாக் கொட்டகை மட்டும் யாருடனும் கூட வரவில்லை. கத்தி பிடித்த பாட்டிக்கு இருந்த வசதி, கணினி பிடித்த பேத்திக்கு இல்லாமல் போனது இப்படித்தான்.

இப்போது அந்த இடத்தில் தாஸ்கா இருக்கிறது. 1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி, நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கான பதிவு பெற்ற மையம். கைக்குழந்தை மூன்றுக்கு ஒரு பராமரிப்பாளர் என்று விதி, நல்ல விதிதான். ஆனால் அந்த விகிதத்தில் ஆள் வைத்தால் கட்டணம் ஏறும். கட்டணம் ஏறினால் தோட்டப்புற ஊரில் பிள்ளைகள் சேரமாட்டார்கள். சேராவிட்டால் மையம் ஓடாது. அதனால் பக்கத்து வீட்டு ஆண்ட்டியிடம் விடுவதுதான் வழக்கம். பதிவு பெற்ற தாஸ்காவுக்குக் கட்டும் பணத்தில் ஆண்டுக்கு 3,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு கேட்கலாம். ஆண்ட்டி ரசீது கொடுக்கமாட்டார். கேட்டால் நாளையிலிருந்து பிள்ளையையும் பார்க்கமாட்டார்.

ஒரு கணக்குப் போடுவோம்

வேலையை விடும் முடிவை ஆசாபாசமாகப் பேசுகிறோம். பல வீடுகளில் அது ஒரு துண்டுக் காகிதத்தில் போட்ட கழித்தல் கணக்கு. மாதச் சம்பளம் 2,500 ரிங்கிட் என்று வையுங்கள். சேமநிதிக்கு 11 விழுக்காடு, 275 போனால் 2,225. இரண்டு சிறு பிள்ளைகளுக்கு ஆளுக்கு 400 என்று பார்த்துக்கொள்ள 800 கொடுத்தால் 1,425. தினம் 60 கிலோமீட்டர் ஓடும் காருக்கு எண்ணெய் மாதம் 180 என்றால் 1,245. மதியச் சாப்பாட்டுக்கு நாளுக்குப் பத்து ரிங்கிட், 22 நாளுக்கு 220, மிச்சம் 1,025. கணவர் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறார், இருக்கும் ஒரு காரை இவள் எடுத்துப்போகலாம் என்றால் இந்த 1,025 நிற்கும். இரண்டாவது கார் வாங்கி மாதம் 500 தவணை கட்டவேண்டும் என்றால் கையில் 525. அதுவும் மழையில் காரின் டயர் வெடிக்காமல், பிள்ளைக்குக் காய்ச்சல் வராமல் இருந்தால்.

இந்த 525க்காக ஏன் இந்த ஓட்டம் என்று மாமியார் கேட்பார். அவர் கேட்பதில் தப்பில்லை. காகிதத்தில் உள்ளதைத்தான் கேட்கிறார்.

காகிதத்தில் இல்லாதது சேமநிதி. தொழிலாளி கட்டும் 11 விழுக்காட்டோடு, 5,000 ரிங்கிட் வரை சம்பளம் உள்ளவருக்கு முதலாளி 13 விழுக்காடு சேர்க்கிறார். 2,500க்கு அது மாதம் 600, வருடத்துக்கு 7,200. ஏழு வருடத்துக்கு 50,400 ரிங்கிட், இலாப ஈவு சேர்க்காமலே. கழித்தல் கணக்குப் போடும்போது 275ஐச் செலவுப் பக்கம் எழுதுகிறோம். உண்மையில் அது 600 வரவு. வீட்டில் இருந்தபடி ஏதாவது சொந்தமாகச் சம்பாதிக்கும் பெண் ‘இ-சாரான்’ திட்டத்தில் தாமே கட்டலாம்; கட்டியதில் 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை அரசாங்கம் சேர்க்கிறது. முழு 500 கிடைக்க 2,500 கட்டவேண்டும். தையலில் வந்த காசை அப்படிப் போட்டு வைத்த ஒருவரை எனக்குத் தெரியும். மற்றவர்கள் நகைக்கடையில் போட்டார்கள். தங்கம் ஏறியிருக்கிற ஏற்றத்துக்கு அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

போனது எது, இருப்பது எது

நீண்ட நாள் விலகி இருந்தால் தொழில் மறந்துவிடும் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. கணக்கியலை எடுத்துப் பார்த்தால் அந்தப் பயத்தில் பாதி வீண்.

அக்கா 2015இல் பட்ட பாடு எனக்கு நினைவிருக்கிறது. அந்த ஏப்ரல் 1ஆம் தேதி 6 விழுக்காடு ஜிஎஸ்டி வந்தது. வயிற்றில் பிள்ளையோடு, சனிக்கிழமைகளில் பயிற்சிக்கு ஓடி, எந்தப் பொருளுக்கு எந்தக் குறியீடு என்று இரவெல்லாம் மனப்பாடம் செய்தாள். 2018 மார்ச்சில் வேலையை விட்டாள். அந்த ஜூன் 1ஆம் தேதி ஜிஎஸ்டி பூச்சியம் ஆனது. செப்டம்பர் 1இல் பழையபடி விற்பனை, சேவை வரி வந்தது. அவள் தூக்கம் கெட்டுக் கற்றது அவள் வெளியே வந்த மூன்று மாதத்தில் செத்துப்போனது. உள்ளேயே இருந்த தோழிகளுக்கும் அது செத்ததுதான். அதாவது இடைவெளியில் இழந்தது என்று நாம் பட்டியல் போடும் பலவற்றை, இடைவெளியே எடுக்காதவர்களும் இழந்திருக்கிறார்கள்.

அவள் இல்லாத காலத்தில் புதிதாக வந்தவை என்ன? 2023 ஜனவரி 1இல் திருத்தப்பட்ட தொழிலாளர் சட்டம்: வார வேலை நேரம் 48இலிருந்து 45 மணி, பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98. 2024 மார்ச் 1இல் சேவை வரி பெரும்பாலானவற்றுக்கு 8 விழுக்காடு. அந்த ஆகஸ்டில் பெரிய கம்பெனிகளிலிருந்து தொடங்கிய மின்விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்). 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் 2 விழுக்காடு சேமநிதி. தோட்டக் கணக்குப் பார்ப்பவருக்கு இது பெரிய மாற்றம். இவை எல்லாம் சேர்த்தும் ஒரு மாதம் உட்கார்ந்தால் பிடித்துவிடக்கூடியவை. பற்று, வரவு இரண்டும் நிகராக வரவேண்டும் என்பது மாறவில்லை. கணக்கு இடிக்கும்போது எந்த வரியில் இடிக்கிறது என்று மோப்பம் பிடிக்கும் மூக்கும் மழுங்கவில்லை. கோயில் கணக்கில் யாரோ 90ஐ 09 என்று எழுதியதை அவள் கண்டுபிடித்த வேகத்தை நான் பார்த்தேன்.

உண்மையில் போனவை வேறு. முதலாவது மென்பொருள். அவள் விட்டபோது அலுவலகத்தில் யுபிஎஸ். இப்போது விளம்பரங்களில் எஸ்கியூஎல், ஆட்டோகவுண்ட் என்று கேட்கிறார்கள். உள்ளே நடப்பது ஒன்றுதான், பொத்தான்தான் வேறு இடத்தில். ஆனால் விண்ணப்பங்களைச் சலிக்கிறவர் மென்பொருள் பெயரைப் பார்த்துத்தான் சலிக்கிறார். இன்னொன்று, பரிந்து பேச ஆள். பழைய மேலாளர் ஓய்வு பெற்றுவிட்டார், மின்னஞ்சல் முகவரி செத்துவிட்டது, கூட வேலை செய்தவர்கள் சிங்கப்பூரில். சில இடங்களில் கம்பெனியே மூடிக் கிடக்கிறது. அப்படி மூடியிருந்தால் சேமநிதிக் கணக்கறிக்கை கைகொடுக்கும். அங்கே வேலை செய்தீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. முதலாளி ஆண்டுதோறும் தந்த சம்பளக் கணக்கான பழைய இஏ பாரங்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் சம்பளத்துக்கும் சாட்சி உண்டு.

மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது: உரிமம். ஒவ்வொரு தொழிலிலும் அது ஒரு வேகத்தில் காலாவதி ஆகிறது, சத்தம் போடாமல். தாதிகளுக்கு ஆண்டுதோறும் பணிச் சான்றிதழைப் புதுப்பிக்கவேண்டும். டிசம்பர் 31இல் முடிந்துவிடும், புதுப்பிக்கத் தொடர் கல்விப் புள்ளிகள் வேண்டும். அது கையில் இல்லாமல் தாதியாக வேலை பார்க்க முடியாது. மருத்துவமனையில் இருக்கும்போது அந்தப் புள்ளிகளைச் சேர்ப்பது பெரிதாகத் தெரியாது. வார்டிலேயே ஏதாவது பயிற்சி நடந்துகொண்டிருக்கும். வீட்டுக்கு வந்தபின் தாமாகத் தேடிப் போய்ச் சேர்க்கவேண்டும். எம்ஐஏ எனும் மலேசியக் கணக்காளர் கழகத்தில் உறுப்பினரான கணக்காளர்களுக்கு மூன்று வருடத்தில் 120 மணி நேரத் தொடர் கல்வி, அதில் 60 மணி முறைப்படி அமைந்த பயிற்சியாக. வழக்கறிஞருக்கும் ஆண்டுச் சான்றிதழ்தான். இடைவெளி எடுக்கும் பெண்ணிடம் யாராவது ஒரே ஒரு விஷயம் சொல்லலாம் என்றால் நான் இதைச் சொல்வேன்: சம்பளத்தை நிறுத்துங்கள், சந்தாவை நிறுத்தாதீர்கள். ஆண்டுக் கட்டணம் கட்டி, இணையத்தில் மணி நேரங்களைச் சேர்த்துக்கொண்டே இருப்பது, ஏழு வருடம் கழித்து முதலிலிருந்து விளக்கம் எழுதுவதைவிட மலிவு.

அரசாங்க வேலையில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. பெண் ஊழியர்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சம்பளமில்லா விடுப்பாக, பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 1,825 நாள் வரை எடுக்கலாம். ஐந்து வருடம்! விடுப்பு முடிந்தால் வேலை அங்கேயே இருக்கும். “கவர்மெண்டு வேலைக்குப் போ” என்று எங்கள் அம்மாக்கள் ஏன் தொண்டைத் தண்ணி வற்றக் கத்தினார்கள் என்பது எனக்கு இந்த எண்ணைப் படித்த பிறகுதான் உறைத்தது. தனியாரிடம் வேலையை விட்டவள் கதவைச் சாத்திவிட்டுப் போகிறாள். அரசாங்கத்தில் இருப்பவள் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறாள்.

சலுகை யாருக்குப் போகிறது

வேலைக்குத் திரும்பும் பெண்களுக்கு வருமான வரி விலக்கு உண்டு. 2018ஆம் ஆண்டுக்கான பட்ஜெட்டில், 2017 அக்டோபர் 27இல் அறிவித்தார்கள். குறைந்தது இரண்டு வருடம் வேலையில் இல்லாமல் இருந்து திரும்பினால், தொடர்ந்து 12 மாதச் சம்பளத்துக்கு வரி இல்லை. அரசாங்க அமைப்பான டேலன்ட்கோர்ப் வழியாக விண்ணப்பிக்கவேண்டும். நீட்டித்து நீட்டித்து இப்போது 2027 டிசம்பர் 31 வரை விண்ணப்பம் வாங்குகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது.

ஏப்ரல் வந்தால் எங்கள் தாமானில் பாதிப் பேர் வருமான வரிக்கான பிஇ பாரத்தை நிரப்ப என்னிடம்தான் வருவார்கள். அதனால் இந்தக் கணக்கு எனக்குக் கைப்பழக்கம். மாதம் 2,500 என்றால் ஆண்டுக்கு 30,000. தனிநபர் கழிவு 9,000, சேமநிதி 3,300 போனால் 17,700. முதல் 5,000க்கு வரி இல்லை. மீதி 12,700க்கு 1 விழுக்காடு, 127 ரிங்கிட். வரிக்குரிய வருமானம் 35,000க்குள் இருப்பதால் 400 ரிங்கிட் தள்ளுபடி. ஆக வரி பூச்சியம். விலக்கு வந்தாலும் பூச்சியம், வராவிட்டாலும் பூச்சியம். சேமநிதிக் கழிவு போக ஆண்டுக்கு 37,333 ரிங்கிட் வரை வாங்குகிறவருக்கு வரியே விழாது என்பதால், சுங்கை சிப்புட்டிலிருந்து திரும்புகிற பலருக்கு இந்தச் சலுகையில் சல்லிக்காசு இலாபம் இல்லை. மாதம் 6,000 வாங்குகிறவருக்கோ, வேறு கழிவுகள் இல்லை என்றால், ஏறக்குறைய 2,490 ரிங்கிட் மிச்சம். அந்தச் சம்பளம் பெரும்பாலும் கிள்ளான் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. திட்டத்தைத் தீட்டியவர் மனசில் இருந்த பெண் பங்சாரிலோ சுபாங்கிலோ வசிப்பவளாக இருந்திருக்கவேண்டும். எங்கள் ஊர் லிந்தாங் சாலையில் வசிப்பவளாக இல்லை.

2025ஆம் ஆண்டுக்கான பட்ஜெட்டில் வந்தது இதைவிடப் பயனுள்ளது, ஆனால் யாருக்கும் தெரியவில்லை. இப்படித் திரும்பும் பெண்ணை வேலைக்கு எடுக்கும் முதலாளி, அவளுக்குக் கொடுக்கும் 12 மாதச் சம்பளத்தில் கூடுதலாக 50 விழுக்காட்டைத் தன் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். இதற்கும் 2027 இறுதி வரை டேலன்ட்கோர்ப்பில் விண்ணப்பிக்கவேண்டும். 2,500 சம்பளத்துக்கு ஆண்டுக்கு 15,000 ரிங்கிட் கூடுதல் கழிவு. நேர்முகத் தேர்வில் “ஏழு வருடம் ஏன் வீட்டில் இருந்தீர்கள்” என்று தயங்குகிறவரிடம், அந்த ஏழு வருடத்தால்தான் உங்களுக்கு இந்தக் கழிவு கிடைக்கிறது என்று சொல்ல முடியும். அக்கா இரண்டாவது நேர்முகத் தேர்வில் சொன்னாள். எதிரே இருந்தவர் முதன்முறையாகத் தாளில் எதையோ எழுதினாராம்.

‘சும்மா’வை எழுதுவது எப்படி

தன்விவரத்தில் ஏழு வருடத்தைக் காலியாக விட்டால் படிக்கிறவர் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்வார். நாமே நிரப்புவது நல்லது. பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொருளாளர் என்றால் வரவுசெலவு, ரசீதுப் புத்தகம், ஆண்டுக் கூட்டத்தில் தணிக்கை செய்த கணக்கு. சங்கப் பதிவிலாகாவில் பதிந்த கோயில் என்றால் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி ஆண்டறிக்கை அனுப்பவேண்டும்; அதற்குக் கணக்கு தயாரித்தது தொழில் அனுபவம்தான். சேவை என்று எழுதிக் கீழே தள்ளாமல் வேலை அனுபவம் என்ற தலைப்பிலேயே, ஆண்டும் தொகையும் போட்டு எழுதலாம். எத்தனை ரிங்கிட் புரண்டது, எத்தனை வருடம், யார் தணிக்கை செய்தார்.

எழுதக்கூடாத ஒன்றும் உண்டு. இருபது பேரைச் சேர்த்துக் கூட்டு (சீட்டு) பிடித்து, மாதாமாதம் பிசகாமல் பட்டுவாடா செய்தவர்கள் நம்மில் பல பேர். அந்தத் திறமைக்கு வங்கியே வேலை கொடுக்கவேண்டும். ஆனால் 1971இல் இருந்தே அதைத் தடை செய்யும் சட்டம் இருக்கிறது, அதன் பெயரிலேயே ‘கூட்டு’ என்றுதான் இருக்கிறது. அதனால் அந்த வரியைத் தன்விவரத்தில் விட்டுவிடுங்கள்.

ஊருக்குள்ளேயே வேலை

30 கிலோமீட்டரைக் கடக்காமலே திரும்ப ஒரு வழி இப்போது திறந்திருக்கிறது. மின்விலைப்பட்டியல் 2024 ஆகஸ்டில் 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் வியாபாரம் செய்யும் கம்பெனிகளில் தொடங்கி, 2025இல் நடுத்தர அளவுக்கு வந்து, 2026 ஜனவரி 1இல் ஆண்டுக்கு 10 லட்சம் முதல் 50 லட்சம் ரிங்கிட் வரை விற்பனை உள்ள கடைகளைத் தொட்டிருக்கிறது. இந்த ஊர்க் கடைத்தெருவில் நடந்து பாருங்கள்: இரும்புக் கடை, டயர் கடை, லோரி கம்பெனி, மளிகை மொத்த வியாபாரி. இந்த வரம்புக்குள் பலர் வருவார்கள். முதலாளிக்கு அறுபது வயது, கணக்கு பிஸ்கட் டின்னில் இருக்கும் ரசீதுகளில். அவருக்கு முழுநேர ஆள் வேண்டாம், கட்டவும் முடியாது. வாரத்துக்கு ஒரு நாள் வந்து வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தில் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுக்கிறவர் போதும். அப்படி ஐந்து கடை கிடைத்தால் ஒரு சம்பளம்.

ஒரு எச்சரிக்கை. எம்ஐஏவில் பதியாதவர் ‘அக்கவுண்டன்ட்’ என்று பெயர்ப்பலகை மாட்ட 1967ஆம் ஆண்டின் கணக்காளர் சட்டம் இடம் தராது. தணிக்கைக்குத் தனி உரிமம், வரி முகவராக இருக்கத் தனி உரிமம். கணக்கு எழுதிக் கொடுப்பவர் என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் வம்பு. இன்னொரு விஷயம், கடைக்காரர்கள் தெரிந்தவர்கள். தெரிந்தவர்களிடம் காசு வசூலிப்பது தெரியாதவர்களிடம் வசூலிப்பதைவிடக் கஷ்டம். “நம்ம பிள்ளைதானே, அடுத்த மாசம் சேர்த்துத் தரேன்” என்பதை வைத்து வீடு நடத்த முடியாது. இப்படித் தனியாகச் செய்தால் முதலாளியின் 13 விழுக்காடும் இல்லை. அதையும் கட்டணத்துக்குள் வைத்துத்தான் பேசவேண்டும்.

தாதிகளுக்கு இந்த வழி குறைவு. அரசாங்க மருத்துவமனை ஊரிலேயே இருக்கிறது, ஆனால் விட்டுவந்தவர் அங்கே நினைத்தபோது திரும்ப முடியாது. தனியார் மருத்துவமனைகள் ஈப்போவில். இரவு ஷிப்ட் ஒன்பது மணிக்கு என்றால் எட்டு மணிக்கு இங்கிருந்து கிளம்பவேண்டும், காலையில் தூக்கக் கண்ணோடு அதே சாலையில் திரும்பவேண்டும். அவர்களில் சிலர் டயாலிசிஸ் மையங்களுக்கும் கிளினிக்குகளுக்கும் போகிறார்கள். சம்பளம் குறைவு, பகல் வேலை. அக்காவின் மாமனாருக்கு ஊசி போடுகிற தாதி அப்படித் திரும்பியவர்தான். பத்து வருட இடைவெளி. நரம்பு பிடிக்கக் கை மறக்கவில்லையா என்று ஒருநாள் கேட்டேன். “கை மறக்கல தம்பி, பாஸ்வேர்டுதான் மறந்து மறந்து போவுது” என்றார்.

அக்கா ஊர்க்கடைகளை இரண்டு மாதம் முயன்று பார்த்துவிட்டு ஈப்போவுக்கே போய்விட்டாள். அந்த 50 விழுக்காட்டுக் கழிவைத் தாளில் எழுதிக்கொண்டவரிடம்தான். கைக்குழந்தைப் பிரச்சினை இப்போது இல்லை. சின்னவன் முதலாம் ஆண்டு. ஆனால் தமிழ்ப்பள்ளி மதியம் விட்டுவிடும், அலுவலகம் விட ஐந்தரை. நடுவில் பிள்ளைகள் டிரான்சிட் மையத்தில். அது ஆறு மணிக்கு மூடும். ஐந்தரைக்கு ஈப்போவில் கார் எடுத்தால் ஆறு மணிக்கு இங்கே வர முடியாது. மறுபடியும் அந்த 30 கிலோமீட்டர்.

2023 தொழிலாளர் சட்டத் திருத்தத்தில் இதற்கு ஒரு பிரிவு இருக்கிறது. வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றக் கேட்டுத் தொழிலாளி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் சொல்லவேண்டும். மறுத்தால் காரணம் சொல்லவேண்டும். கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. காலை ஏழரைக்கு வந்து நாலரைக்குப் போகிறேன், மதிய உணவு நேரத்தில் மாற்றமில்லை, மாதக் கடைசி வாரத்தில் தேவைப்பட்டால் வீட்டிலிருந்து இரவு இரண்டு மணி நேரம் செய்கிறேன் என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதை மலாயில் சரிபார்த்துக் கொடுத்தது நான். கொடுத்து இன்றோடு 23 நாள். இப்போதைக்குப் பிள்ளைகளை ஆறு மணிக்கு நான் போய்க் கூட்டிவருகிறேன்.